குறை எழுதாத புத்தகம்

"பதினாலாம் பக்கம், ஃபியோனா. சத்தமா வாசிங்க" என்றாள் லோசா.

மாலை மூன்றரை மணி. நியூசிலாந்தில், பொரிருவா நகரின் அந்த மழலையர் பள்ளியில் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். லோசாவின் மகள் மசினா மட்டும் வெளியே மணல் தொட்டியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது பிறந்தநாளன்று கேக் வெட்டி, இங்கிருந்து விடைபெற்றுப் பெரிய பள்ளிக்குப் போனவள். மூன்று வாரம்தான் ஆகிறது.

மேஜைமேல் அவளுடைய புத்தகம் இருந்தது. இரண்டு வருடத்துப் புகைப்படங்களும், ஒவ்வொன்றின் கீழும் ஆசிரியை ஃபியோனா அவளுக்கு எழுதிய குறிப்புகளுமாக அறுபது பக்கம். இங்கே விளையாட்டுதான் பாடம். விளையாடும்போது பார்த்ததை எழுதுவார்கள். ஒரே ஒரு விதி. பிள்ளையால் முடிந்ததை எழுத வேண்டும், முடியாததை எழுதக் கூடாது. இருபத்திரண்டு வருடங்களில் ஃபியோனா ஒருமுறைகூட அதை மீறியதில்லை.

அவள் வாசித்தாள். "மசினா, இன்று நீ மரக்கட்டைகளால் பாலம் கட்டினாய். பக்கத்தில் நான்கு பையன்கள் டப்பாக்களைத் தட்டி ஒரே ரகளை. நீ தலையைக்கூடத் திருப்பவில்லை. எவ்வளவு கவனம் உனக்கு."

"இப்ப முப்பத்தொண்ணு."

"எல்லோரும் சாப்பிட ஓடினார்கள். நீ மட்டும் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை. உன் வேலையை உன் நேரத்தில் முடித்தாய்."

நாற்பத்தாறாம் பக்கத்தையும் லோசா விடவில்லை. வீட்டில் சமோவ மொழி, இங்கே ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவில் மசினா பேசாமல் எங்கள் முகங்களைப் பார்த்தே கற்கிறாள், அவளுக்கு அவசரமில்லை, நாங்கள் காத்திருப்போம் என்று அதில் இருந்தது. ஃபியோனா வாசிக்க வாசிக்க லோசாவின் உதடுகளும் அசைந்தன. அவளுக்கு அது மனப்பாடம்.

பிறகு லோசா பெரிய பள்ளியைப் பற்றிச் சொன்னாள். எழுந்து நில் என்றால் மசினா நிற்பதில்லையாம். கதை சொல்லும் நேரத்தில் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்கிறாளாம். பிடிவாதக்காரி என்று கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் அவளுக்கு மரப்பொம்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவள் இங்கே சரிப்பட மாட்டாள் என்று போன வாரம் தலைமை ஆசிரியரே சொல்லிவிட்டார்.

ஃபியோனாவுக்குக் கோபம் வந்தது. ஐந்து வயதுப் பிள்ளையை வரிசையில் உட்கார வைத்து எழுத்தைத் திணித்தால் வேறு என்ன ஆகும் என்றாள். விளையாட்டைப் பற்றி, அவரவர் வேகத்தைப் பற்றி நிறையச் சொன்னாள். இதையெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பு லோசாவுக்கே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். மண்ணில் புரளவா காலையில் குளிப்பாட்டி அனுப்புகிறேன் என்று லோசா கேட்ட நாள் அது. அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள்.

"நாளைக்கே இங்க கூட்டிட்டு வந்துடுங்க. ஆறு வயசு வரைக்கும் நான் இடம் தரலாம். அவகிட்ட ஒரு குறையும் இல்ல, லோசா."

"அதைத்தான் நானும் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

லோசா புத்தகத்தை மூடினாள்.

"சர்ச்சுல எங்க பெரியம்மா, இந்தப் புள்ளகிட்ட என்னமோ சரியில்லன்னாங்க. இதைத் தூக்கிட்டுப் போய் அவங்க மடியில போட்டேன். உங்களவிடப் படிச்சவங்க எழுதினது, வாசிச்சுப் பாருங்கன்னேன். அதுலயிருந்து எங்கூடப் பேசறதில்ல."

ஃபியோனா சிரிக்கப் பார்த்தாள். லோசா சிரிக்கவில்லை.

"நாலு வயசுப் பரிசோதனைக்கு நர்ஸு ரெண்டு தடவை போன் பண்ணுச்சு. எனக்குத் துப்புரவு வேலை, லீவு போட்டா சம்பளம் போயிடும். இதைத் திறந்து பாத்தேன். எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல, அந்த நேரத்தை வேற யாருக்காவது குடும்மான்னுட்டேன்."

"லோசா..."

"அடிச்சும் இருக்கேன். ஒரு குறையும் இல்லாத புள்ள, கூப்பிட்டா வரலன்னா அது திமிர்தானே? அப்படித்தான் நினைச்சேன்."

ஃபியோனா எழுந்து கதவருகே போனாள். மசினா ஒரு வாளியைக் கவிழ்த்து, மெல்லத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மசினா, உள்ள வாம்மா. உனக்குப் பிடிச்ச பெயிண்ட் எடுத்து வைக்கிறேன்."

மசினா அடுத்த வாளியை நிரப்பத் தொடங்கினாள்.

"பாருங்க, எவ்வளவு மும்முரமா இருக்கா" என்று சொல்லிவிட்டு, ஃபியோனா இன்னும் உரக்க, கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"கூப்பிடாதீங்க, ஃபியோனா" என்றாள் லோசா. "நேத்து டாக்டர் பாத்துட்டாங்க. ரெண்டு வருஷமா உள்ளுக்குள்ளயே சீழ் கட்டி, அவளுக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. முதல்லயே பாத்திருந்தா மருந்துலயே சரியாகியிருக்குமாம்."