பன்னிரண்டு பேர் சொன்னது

“அந்த நாலு பேர் யாருன்னு உங்களுக்குத் தெரியும் டீச்சர். மறைக்காமச் சொல்லிடுங்க.”

கையிலிருந்த பிளேடை அவள் பக்கம் நீட்டியபடி கேட்டார் அவர். டீச்சர் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

“எந்த நாலு பேர்ணே?”

“என் கடையைப் பத்தி முதமுதல்ல நல்லபடியா எழுதினாங்களே, அவங்கதான். நேர்ல பார்த்து ஒரு கும்பிடு போடணும்” என்றவர், மடியில் கிடந்த சூட்கேஸின் அறுந்த ஜிப்பைப் பிளேடால் பிரிக்க ஆரம்பித்தார்.

அறுந்த ஜிப், பிய்ந்த கைப்பிடி, கழன்ற சக்கரம் எல்லாவற்றையும் சரிசெய்யும் கடை அது. தெருவில் அவருக்கு ஜிப் அண்ணன் என்று பெயர். டீச்சரும் நிஜ டீச்சர் இல்லை. சின்னக் கடைகளை இன்டர்நெட்டில் ஏற்றிவிட வியாபாரிகள் சங்கம் வேலைக்கு வைத்த பெண். போனில் படம் போடுவது, கணக்குத் திறப்பது, ரிவ்யூ படிப்பது என்று கடை கடையாக ஏறி இறங்கிச் சொல்லிக் கொடுத்ததில் தெருவே அவளை டீச்சர் ஆக்கிவிட்டது. அவளிடம் படித்தவர்களில் ஜிப் அண்ணன்தான் ரொம்பக் கெட்டி.

அவர் தேடுகிற நாலு பேரும் அவர் எதிரிலேயே, ஒரே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைக்கு இன்டர்நெட்டில் பக்கம் திறந்த முதல் மாதம் ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. “யாராவது ஏதாவது எழுதியிருக்காங்களா டீச்சர்?” என்று அவர் தினமும் கேட்பதைத் தாங்க முடியாமல் ஒரு நாள் அவளே உட்கார்ந்து எழுதிவிட்டாள். ‘பஸ் பயணி’, ‘பச்சைப் பை’, ‘இரண்டு பிள்ளைகளின் தாய்’, ‘ஓய்வுபெற்ற வாத்தியார்’ என்று நாலு பெயர், நாலுக்கும் ஐந்து ஸ்டார். வாத்தியார் எழுதியதில் மட்டும் கொஞ்சம் இலக்கணச் சுத்தம்.

அதைப் படித்துவிட்டு அவர் சந்தோஷத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். அவள் அதைப் பாதியிலேயே வைத்துவிட்டாள்.

மறு மாதம், “நாலோட நின்னுபோச்சேண்ணே” என்று அவரிடமே புலம்பினாள். அடுத்த வாரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று இன்னும் எட்டு ரிவ்யூ வந்து விழுந்தன. ‘லைனிங்குக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்கூட இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிறார்கள் என்று அவள் பூரித்துப் போனாள். செய்த தப்பு ஏதோ நல்லதில் முடிந்தது என்று கொஞ்சம் மூச்சும் விட்டாள்.

ஆனால் கூட்டம்தான் வந்தபாடில்லை. இன்றைக்கு மதியத்திலிருந்து கடைக்குள் வந்த ஒரே ஆள் அவள்தான். அவர் மடியில் இருந்த சூட்கேஸ் அவளுடையது. அதன் ஜிப்பையும் அவளேதான் பிய்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

“இன்னைக்கு ஏண்ணே திடீர்னு அவங்க ஞாபகம்?”

“என் வீட்டுக்காரியோட அண்ணன், பை கம்பெனியில எனக்கு சூப்பர்வைசர் வேலை பேசி வெச்சிருக்கார். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். கடையை மூடிட்டு அங்கயே போங்கன்னு வீட்ல ஒரே பாட்டு. நான் வேண்டாம்னு சொல்லப் போறேன்.”

“எதை நம்பிண்ணே?”

“அந்த நாலு பேரை நம்பித்தான். முன்னப்பின்ன தெரியாதவங்க நம்ம வேலையைப் பார்த்துட்டு, மெனக்கெட்டு உக்காந்து எழுதியிருக்காங்க. அப்படி நாலு பேர் இருந்தா நாப்பது பேர் வர எவ்வளவு நாளாகும்?”

பன்னிரண்டு பேர் இருக்க, போயும் போயும் அந்த நாலு பேரையா இவர் பிடித்துக்கொள்ள வேண்டும்?

“மத்த எட்டு பேரும் நல்லாத்தானேண்ணே எழுதியிருக்காங்க?”

“அதை விடுங்க டீச்சர். எனக்கு அந்த நாலு பேர் போதும்.”

மணி நாலே முக்கால். அவர் போனை எடுத்து எண்ணைத் தட்டினார். ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்துவிட்டோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“மச்சான், நான்தான் பேசறேன். அந்த வேலை விஷயமா...”

பாய்ந்து போனைப் பிடுங்கி இணைப்பைத் துண்டித்தாள்.

“என்னை மன்னிச்சிடுங்கண்ணே. அந்த நாலு பேரும் நான்தான். உங்க முகத்தைப் பார்க்க முடியாம, நானே எழுதிப் போட்டேன்.”

அவர் சூட்கேஸை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

“வாத்தியாருமா?” என்றார்.

“ஆமாண்ணே.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. போனைக் கேட்டு வாங்கி மறுபடியும் எண்ணைத் தட்டினார்.

“லைன் கட்டாயிடுச்சு மச்சான். திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கறேன். ஆமா, கடையை மூடிடறேன்.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அவசரப்படாதீங்கண்ணே! நாலு போனாப் போகட்டும். மீதி எட்டும் சத்தியமா நான் எழுதல. யாரோ மனசார எழுதினது. அவங்களை நம்பியாவது கடையை வெச்சிருங்கண்ணே!”

அவர் பிளேடைத் துடைத்து டப்பாவில் போட்டார். தலையை நிமிர்த்தவில்லை.

“அந்த எட்டும் நான் எழுதினது டீச்சர்.”