கறுப்பு உருண்டை

மகிழினியின் வயிற்றில் பிளாஸ்திரி போல ஒட்டியிருந்த ஸ்கேனர், உள்ளே கொட்டாவி விடும் குழந்தையைச் சுவரில் காட்டியது. புருவம்கூடத் தெரிந்தது.

"உங்கம்மா வயித்துல இருந்தப்ப நீ இப்படியெல்லாம் தெரியலம்மா," என்றார் அப்பா சுதாகர். அம்மா இறந்த பிறகும் பர்ஸிலேயே வைத்திருந்த மங்கிய ஸ்கேன் படத்தை எடுத்தார். அதிலிருந்த கறுப்பு உருண்டைதான் மகளின் தலை என்று அந்தக் காலத்தில் தெருவுக்கே காட்டி, தினமும் அதற்கு முத்தம் கொடுத்தவர் அவர்.

மகிழினி படத்தைச் சுவருக்கு நேராகப் பிடித்தாள். சுவர் அதைத் தெளிவாக்கி, எது எது என்று எழுதியும் காட்டியது. குழந்தை ஓர் ஓரத்தில் இருந்தது. கறுப்பு உருண்டை, அம்மாவின் நிறைந்த மூத்திரப்பை.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுக்காப்பா முத்தம் குடுத்தீங்க?"

அவரும் சிரித்தார். "ஸ்கேனுக்கு முன்னாடி தண்ணி குடிக்கச் சொல்லிட்டு ரொம்ப நேரம் உக்கார வெச்சுட்டாங்க. அடக்க முடியலன்னு உங்கம்மா என் கையக் கிள்ளிக்கிட்டே இருந்தா."

"தெளிவான படத்த பிரிண்ட் போட்டுத் தரட்டுமா?"

"வேணாம்." பழைய படத்தின் கறுப்பை விரலால் தடவினார். "அவ குடிச்ச தண்ணி இதுல அப்படியே இருக்கு."