ஒட்டுத்தாளின் ஓரம்

பக்கத்து வீட்டுச் சுடலைமுத்துவின் காலில் சர்க்கரைப் புண். அதன்மேல் பஞ்சை வைத்து, கண்ணாடி போன்ற ஒட்டுத்தாளால் மூடி, ஒரு குழாயைச் சொருகியிருந்தார்கள். குழாயின் மறுமுனையில் ஒரு சின்னப் பெட்டி இரவுபகலாகச் சீழை உறிஞ்சிக்கொண்டிருந்தது. உள்ளே காற்று புகுந்தால் பெட்டி கத்தும். அப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அது கத்தினால் மருமகள் இசக்கியம்மாள் எந்த வேலையில் இருந்தாலும் ஓடி வருவாள். "வந்துட்டியா மூதேவி, காப்பி எங்க?" என்பார் அவர். ஒட்டுத்தாளின் ஓரத்தை அவரே நகத்தால் கிளப்பிவிடுவதை என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்த்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இசக்கியம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பெட்டி கத்தியபோது அவள் என் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"போகலியாட்டி?"

"பிய்ச்ச கையே ஒட்டட்டும் மயினி."

"கிளப்புன தாளு திரும்ப ஒட்டாதேட்டி!"

"புதுசு அலமாரில இருக்கு. நடந்து போய் எடுக்கட்டும்."

பெட்டி விடாமல் கத்தியது. "ஏ மூதேவி!" என்றார் சுடலைமுத்து. கொஞ்சம் பொறுத்து "ஏட்டி" என்றார். பிறகு "இசக்கி" என்றார். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வாயில் அந்தப் பெயர் வந்து நான் கேட்டதில்லை. கடைசியில் "இசக்கி, தாயீ" என்று அழுகையாகவே வந்தது.

"பெட்டி போடுற சத்தத்துல ஒண்ணுமே கேக்கல மயினி" என்றபடி அவள் அடுத்த கொத்தை எடுத்தாள். நான் முறத்தை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.