இருட்டில் நிற்பவன்

ஒரு நார்வேக்காரனால் வேல்குமாருக்கு ஒரு மாதமாகத் தூக்கம் போயிற்று.

அவிநாசியில் அவன் பிரிண்டிங் பார்க்கும் பனியன் கம்பெனியில்தான் மனைவி சத்யப்பிரியாவுக்கும் செக்கிங் வேலை. ஒரு நார்வே ஹெவி மெட்டல் இசைக்குழுவின் நாலு பேர் படமும் தனித்தனி டீ-சர்ட்டாக ஓடிக்கொண்டிருந்தது.

"நாலு பேர்ல எனக்குப் புடிச்சது அந்த பாஸ் கிதார்காரருதானுங்க" என்றாள் சத்யப்பிரியா.

"அவன் இருட்டுக்குள்ள நிக்கறான். மூஞ்சியே தெரியலியே புள்ள!"

"அதுதானுங்க அவருகிட்ட அழகே."

தன் முகமும் மறையட்டும் என்று வேல்குமார் முடிவெட்டிக்கொள்வதை நிறுத்தினான். அவள் கவனிக்கவில்லை. கடைசியில் அடுத்த லாட்டுக்கான சாம்பிளில், அந்த இருட்டு முகத்துக்கு இரண்டு சிவப்புக் கண்களைப் போட்டு அனுப்பினான். அசல் பேய்.

அந்த பாஸ் கிதார் நார்வேக்காரனே அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தானாம். ஐயாயிரம் பீஸும் அப்படியே வேண்டுமாம்.

சத்யப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "எந்தப் பாவி பண்ணுனானோ! பாட்டுக்காரனுக்கு எட்டுக் கலரு, ட்ரம்ஸ்காரனுக்கு ஆறு. பாஸ்காரரு மட்டுந்தான் ஒத்தக் கலரு. பிரிண்ட் வெலகவே வெலகாது, அஞ்சு மணிக்கு ஊட்டுக்கு வந்துருவேன். அதுக்குத்தானுங்க அவரப் புடிச்சுது! இனி செவப்பு தள்ளி வுழுந்திருக்குதான்னு ஒவ்வொண்ணாப் பாக்கோணும், எட்டு மணியாயிரும்."

"அப்ப இனி அவனப் புடிக்காதா?"

"மூஞ்சியப் பாத்தாவே பத்திக்கிட்டு வருதுங்க."

எட்டு மணி வரை அவளுக்காகக் கம்பெனி கேட்டில் நின்ற வேல்குமாரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.