தொடரில் வரும் நர்ஸ்

மணிலா அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ரெமெடியோஸ், வார்டு தொலைக்காட்சியில் ஓடிய தொடரைப் பார்த்துக் காறித் துப்பாத குறைதான்.

"நர்ஸா இருக்கிறவ பெத்த அம்மா பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டுறாளாம்! எந்த நர்ஸுக்குடி அவ்வளவு நேரமிருக்கு? தூ!"

"வேற சேனல் வைக்கட்டுமா?" என்றாள் அடுத்த கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த லிகாயா.

"வேணாம். இன்னும் என்னென்ன புளுகுறானுங்கன்னு பாக்குறேன்."

வார்டு நர்ஸ் ஓடிவந்தாள்.

"அம்மா, துணைக்கு ஆள் வந்தாச்சா? மருந்து வாங்க, ரத்தத்துக்கு அலைய சொந்தக்காரங்க இல்லாம இன்னிக்கும் ஆபரேஷன் நடக்காது. பிள்ளைங்களே இல்லையா?"

"ரெண்டு பொண்ணுங்க. ஒருத்தி லண்டன், ஒருத்தி ரியாத். லீவு கிடைக்கலையாம்."

"பெத்தவளுக்கு ஆபரேஷன்னுகூட லீவு தராத அப்படியென்ன வேலை?"

ரெமெடியோஸ் குவித்த உதட்டாலேயே நர்ஸின் வெள்ளைச் சீருடையைச் சுட்டினார்.

"இந்த வேலைதான்."