விழிக்கும் முகம்

நில வழக்கில் தீர்ப்பு வரும் நாளன்று நரி முகத்தில் விழித்தால்தான் ஜெயிப்போம் என்று குருநாதன் நம்பினார். அதனால் விடியும்போது கண்ணைத் திறக்காமலே எழுந்து, மனைவி செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே அவள் வளர்க்கும் முயல்களின் கூண்டு. நரி தோண்டி நுழைந்துவிடக் கூடாதென்று மண்ணுக்குள்ளும் வலை பதித்திருந்தாள். ஆனால் கதவின் தாழ்க்கம்பியைக் காணவில்லை.

"கம்பி எங்க?" என்றாள்.

"ராத்திரியே உருவிட்டேன். எம் மடியில இருக்கு. சும்மா வருமா நரி? ரெண்டு முயல் போனா நாலு வாங்கலாம். போன நெலத்த வாங்க முடியுமாட்டி?"

வேலியோரம் சருகு நொறுங்கியது. முயல்கள் மூலையில் ஒன்றோடொன்று ஒண்டின. நரி வேலி தாண்டி உள்ளே வந்து நின்று செண்பகத்தையே பார்த்தது.

"ஏட்டி, வந்துட்டா? கண்ணத் திறக்கட்டா?"

அவள் கூண்டுக் கதவில் முதுகை அழுத்தி உட்கார்ந்தாள். அவர் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தை நிமிர்த்தினாள்.

"வந்துட்டு" என்றாள். "திறங்க."