செத்தவர்களுக்கு ஓட்டில்லை

“செத்தவங்களுக்கு எதுக்குங்க ஓட்டு?” மனைவி நீட்டிய காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேசையைத் தட்டினார் தலைவர்.

வாராவாரம் அரசவை வேடம் போட்டு விளையாடும் அந்த மன்றத்தில் அவர்தான் ராஜா. கூட்டத்துக்கும் கிரீடத்தோடுதான் வருவார். போன ஆட்டத்தில் அவர் ஆணையால் தலை வெட்டுப்பட்டுச் செத்த மூன்று பேர், இன்றைய தலைவர் தேர்தலில் அவரைக் கவிழ்க்கக் கடைசி பெஞ்சில் காத்திருந்தார்கள்.

“ஆட்டத்துல செத்தவங்களுக்கு, அடுத்த வேஷம் கிடைக்கிற வரைக்கும் ஓட்டு கிடையாது. சம்மதமா?”

“ரொம்ப நியாயம்,” என்று முதலில் கை தூக்கினாள் ராணி வேடம் போடும் அவர் மனைவி. விதி நிறைவேறியது.

“இப்ப தேர்தல். நானே தலைவரா தொடர...” என்று அவர் கையைத் தூக்கினார்.

“கையை இறக்குங்க,” என்றாள் மனைவி. “தேர்தல்ல நானும் நிக்கிறேன். உங்களுக்கு ஓட்டே இல்லை. காப்பி குடிச்சப்பவே நீங்க போய்ச் சேர்ந்தாச்சு.”

“என்னம்மா உளர்றே?”

“தலையில கிரீடம் இருந்தா ஆட்டம் நடக்குதுன்னு அர்த்தம். கோப்பையில சிவப்பு நூல் இருந்தா விஷம். ரெண்டுமே நீங்க எழுதின விதிதானே?”

அவர் குனிந்து பார்த்தார். காலிக் கோப்பையின் கைப்பிடியில் சிவப்பு நூல் அழகாக முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

கடைசி பெஞ்சில் செத்தவர்கள் மூவரும் நகர்ந்து உட்கார்ந்து, அவருக்கு இடம் விட்டார்கள்.